ஒரு வீட்டில் மூன்று சபைகள்

"சபை" என்னுஞ் சொல் எமது ஊருக்குப் புதியதன்று. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சபையார், தங்கள் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டுவித்தனர். குடத்தில் ஓலையிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் அம்முறையை இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும், காண வருவோரிற் பலர் கவனியாத ஒன்று அங்கே உண்டு. அங்குள்ள தீர்மானங்கள் இரண்டு. கி. பி. 919-இல் செய்த விதி போதாதென்று கண்ட சபையார், 921-இல் அதனைத் திருத்தி விரித்து, அத்திருத்தத்தையும் கல்லிலேயே பொறித்தனர். முன்னதை அவர்கள் செதுக்கி அழித்துவிடவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் இரண்டையும் ஒரே கோயிலில் நின்று படிக்கலாம்.

இக்காலத்தில் எம்மூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வாயில் அச்சொல் வேறு பொருளில் வழங்குகின்றது. "நீங்கள் எந்தச் சபை?" என்பதே இருவர் சந்தித்தவுடன் எழும் முதற் கேள்வி. பெயரும் ஊரும் அதற்குப் பின்னரே. தென்னிந்தியத் திருச்சபை என்பார் ஒருவர். கத்தோலிக்கம் என்பார் ஒருவர். லுத்தரன் என்பார் ஒருவர். பெந்தெகொஸ்தே என்பார் ஒருவர். இவை ஒன்றும் வேண்டா, எமது ஊழியம் சுயாதீனமானது என்பார் மற்றொருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கோயிலின் மணியோசையும், கூரைக் கொட்டகையிலிருந்து ஒலிபெருக்கி வழியே வரும் தாளமும் கைத்தட்டும் ஏரிக்கரை வரையில் ஒன்றாய்க் கலந்து கேட்கும். கேள்வியைக் கேட்டவர் விடை கிடைத்தவுடன் முகம் மலர்வதும் உண்டு, சுருங்குவதும் உண்டு. அம்முகச் சுருக்கத்தைப் பற்றியே யாம் இங்கு எழுதப் புகுந்தோம். பிறர் வீட்டுக் கதையாயின் எழுதத் துணியோம். இஃது எமது வீட்டுக் கதையாதலானும், அதிற் குற்றத்தின் பெரும் பங்கு எம்முடையதாதலானும், ஒளியாமல் எழுதுகின்றோம்.

எம் தாய்வழிப் பாட்டனார் உபதேசியாராயிருந்தவர். செங்கற்பட்டுச் சீமையில் ஊழியஞ் செய்த ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த சபையில் வளர்ந்தவர். கையில் ஒரு குடையும் தோளில் ஒரு பையுமாகக் கிராமங்கள்தோறும் நடந்தே சென்றவர். அச்சபைக்கு அத்தியட்சர் இல்லை, மூப்பர்களே உண்டு. 1947-ஆம் ஆண்டில் சபைகள் ஐக்கியமாகி, இனி அத்தியட்சர் ஒருவர் நமக்கும் உண்டு என்ற செய்தி வந்தபோது, "வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போன ஆண்டிலேயே நமக்கு மட்டும் புதிதாக ஒரு துரையா?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டனராம். பாட்டனார் ஒருநாள் முழுதும் உண்ணாமலிருந்து யோசித்து, மறுநாள், "வந்து பார்க்கட்டும், நாமும் பார்ப்போம்," என்றாராம். எம் அன்னையாருக்கு அப்போது வயது 14. இதனை அவர் எமக்கு எத்தனை முறை சொன்னாரென்று எண்ணியதில்லை.

அன்னையார் பழைய வழியில் உறுதியாய் நின்றவர். திருவிருந்து நாளில் வெள்ளைப் புடவை உடுத்து, அதற்கு முன் நீரும் அருந்தார். 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பே அவருக்கு வேதம்; அதன் வடமொழிச் சொற்கள் அவர் நாவில் பாலும் பழமும்போல் கலந்திருந்தன. கோயிலிற் கைதட்டுவதும் பறை முழக்குவதும் அவருக்கு ஆகா. பெண்கள் பலிபீடத்தண்டை நிற்பதும் ஆகாது.

யாமோ நமது கல்லூரியிற் படித்துப் புதுக் கருத்துக்களுடன் ஊர் திரும்பினோம். பொங்கல் நாளில் கோயிலுக்குள் குத்துவிளக்கு ஏற்றலாம் என்றோம். அண்டை வீட்டாருடைய பக்தியிலும் இறைவன் ஒளி உண்டென்றோம். பெண்களும் குருத்துவம் பெறுவது நியாயமென்றோம். 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடிச் செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தவுடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்தே பாடம் வாசித்தோம். "தேவன்" என்று காது பழகிய இடத்தில் "கடவுள்" என்று வந்தது; "கர்த்தர்" இருந்த இடத்தில் "ஆண்டவர்" வந்தார். மூப்பர் ஒருவர் எழுந்து, "இது நம்முடைய வேதமன்று," என்று சொல்லி வெளியே போய்விட்டார். யாம் அவரை அறியாதவர் என்று எண்ணினோம். அவருடைய தந்தையார் கண்மூடும்போது அவர் காதில் ஓதிய வசனங்கள் அப்பழைய சொற்களில் இருந்தன என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம்.

எம் தம்பி மூன்றாம் வழியிற் சென்றான். அவனுடைய முதற் குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் கண்டு, செங்கற்பட்டு அரசாங்க மருத்துவமனையில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோது, பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர் மூன்று நாள் உபவாசமிருந்து வராந்தாவிலேயே ஜெபித்துக் கொண்டிருந்தார். எமது சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குழந்தை பிழைத்தது. மருந்தால் என்றோம் யாம். ஜெபத்தால் என்றான் அவன். ஒரு விடியற்காலையில் ஏரி நீரில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றான். குழந்தைப் பருவத்திற் கோயிலில் அவன் பெற்ற ஞானஸ்நானம் செல்லாதென்று இதற்குப் பொருளாயிற்று. அதுவே அன்னையாருக்கு முதற் காயம். அவன் மனைவி தோடும் வளையலும் கழற்றினாள். பின்னர்த் தாலியையும் கழற்றினாள். "என் கையால் எடுத்துக் கொடுத்த தாலி, வெறுங் கழுத்தோடு என் முன்னே வராதே," என்று அன்னையார் சொல்லிவிட்டார். அஃது இரண்டாங் காயம்.

மூன்றாங் காயம் எம்மாலாயது. ஒரு பண்டிகை நாளில் நண்பர்கள் சிலர் எமது வீட்டில் உணவருந்திக் கொண்டிருக்கையில், பேச்சு பெந்தெகொஸ்தேயார் பேசும் அந்நிய பாஷையைப் பற்றி வந்தது. "ஒருவரும் அறியாத பாஷையிற் பேசுகிறவன், பெற்ற தாயிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசலாகாதா?" என்றோம். எல்லாரும் சிரித்தனர். தம்பி பக்கத்து அறையில் இருந்தான், யாம் அறியோம். அவன் சாப்பிடாமலே எழுந்து போனான். நான்கு ஆண்டுகள் எம் வாசற்படி மிதிக்கவில்லை. பிற மதத்தாரிடத்திலும் இறைவன் ஒளியைக் காண்போம் என்று மேடைகளிற் பேசிவந்த எமக்கு, உடன்பிறந்தவனுடைய பக்தியில் அவ்வொளியைக் காணக் கண் இல்லாமற் போயிற்று.

அக்காலத்தில் எமக்கு ஆறுதலாயிருந்தவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியராகிய ஒரு வைஷ்ணவப் பெரியவர். மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்வோம். எமது முகவாட்டங் கண்டு ஒருநாள் காரணம் வினவினார், சொன்னோம். அவர் நகைத்து, "தம்பி, உங்கள் வீட்டிலும் வடகலை தென்கலை புகுந்துவிட்டதோ?" என்றார்.

காஞ்சிபுரம் எம்மூருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அங்கே தூப்புலிற் பிறந்த வேதாந்த தேசிகரை வடகலையாரும், மணவாள மாமுனிகளைத் தென்கலையாரும் தத்தம் ஆசாரியராகப் போற்றுகின்றனர். வரதராஜப் பெருமாள் சந்நிதியில் எவருடைய வாழ்த்தை முதலில் ஓதுவது என்பது பற்றிய வழக்கு, தலைமுறை தலைமுறையாக நியாயஸ்தலப் படிகளில் ஏறி இறங்கி வருகின்றது. அடிப்படையான கொள்கை வேறுபாட்டையும் பெரியவர் விளக்கினார். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கின்றது; பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்கின்றது. ஜீவனுக்கு முயற்சி வேண்டுமென்பாருக்கு முன்னது உவமை. திருவருளே எல்லாஞ் செய்யுமென்பாருக்குப் பின்னது உவமை. "இரண்டு தாயும் குட்டியைக் கீழே விடுவதில்லை, சண்டையெல்லாம் குட்டிகளுக்குள்ளேதான்," என்றார் அவர். பின்னர்ச் சற்று நிதானித்து, "உங்கள் சபைகள் சில 1947-இல் ஒன்றாகிவிட்டனவாமே. அப்போது யார் யாருக்கு விட்டுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

அதற்கு எம்மிடம் விடையில்லை. ஐக்கிய நாள் ஆராதனையில் ஆண்டுதோறும் பாடிவந்தோமேயன்றி, அவ்வைக்கியம் எவ்வாறு உண்டாயிற்றென்று யாம் விசாரித்ததில்லை. அன்றுமுதல் விசாரித்தோம். கண்டவற்றை மாணவ நண்பர்களுக்குச் சுருக்கிச் சொல்லுதல் நலமென்று நினைக்கின்றோம்.

1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினர். 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய அதே கடற்கரை ஊர் அது. அவர்களுள் இருவர் நீங்கலாக எல்லாரும் இந்தியர். திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்திய அத்தியட்சராகிய வே. ச. அசரியா அவர்கள் அதில் முதன்மையாய் நின்றார். ஐரோப்பாவில் எழுந்த பிணக்குகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. அக்கேள்விக்குச் செயலால் விடை காண 28 ஆண்டுகள் சென்றன. பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908-இலேயே தென்னிந்திய ஐக்கிய சபை என ஒன்றாயிருந்தனர். அவர்களோடு ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் சேருவதே திட்டம்.

தடைக்கல் எது? வேதமன்று, விசுவாசப் பிரமாணமுமன்று, அத்தியட்சர் பதவியே. அத்தியட்சர் கைவைத்து அபிஷேகஞ் செய்யாதவர் பரிமாறும் திருவிருந்து முறையானதாகுமோ என்று ஆங்கிலிக்கருள் மரபு பேணுவோர் அஞ்சினர். அத்தியட்சர் என்றாலே ஆளுகையும் ஆடம்பரமும் என்று மற்றவர் அஞ்சினர். இங்கிலாந்திலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது, கவிஞர் டி. எஸ். எலியட் 1943-இல் இத்திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். அசரியா அத்தியட்சர் 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலமானார். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அப்போதும் எல்லாரும் வந்துவிடவில்லை. நந்தியாலைச் சேர்ந்த ஆங்கிலிக்கர் பலர் விலகி நின்றனர். லுத்தரன் சபையார் தங்கள் விசுவாச அறிக்கைகளை முன்னிட்டு வெளியிலேயே இருந்தனர். மறு ஆண்டு லாம்பெத்திற் கூடிய ஆங்கிலிக்க அத்தியட்சர்களாலும் புதிய சபையின் குருத்துவத்தைப் பற்றி ஒருமனப்பட இயலவில்லை.

பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. எல்லாரும் ஒத்த கருத்தினராகிய பிறகே ஒன்றுசேருவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இனி அபிஷேகம் பெறுவோர் யாவரும் அத்தியட்சர் கையாற் பெறுவர். முன்னரே ஊழியத்திலிருப்போர் இருந்தபடியே ஏற்கப்படுவர். இருவகையாரும் 30 ஆண்டுகள் ஒரே சபையில் அடுத்தடுத்து வாழ்வர். அதனோடு ஓர் உறுதிமொழியும் செய்துகொண்டனர். பழகாத ஆராதனை முறையையோ, மனச்சாட்சி ஒப்பாத ஊழியரையோ எந்தச் சபையின்மீதும் வலிந்து சுமத்துவதில்லை என்பதே அதன் சாரம். எமது பாட்டனார், "நாமும் பார்ப்போம்," என்று சொல்லிப் பொறுத்திருந்ததன் பொருளும் அப்போதே எமக்கு விளங்கிற்று. அம்முப்பது ஆண்டுகளும் அவர் போன்றோருக்காகவே வைக்கப்பட்டவை.

சபை முறைமையிலிருந்த இப்பிணக்குக்கு அடியில் கொள்கைப் பிணக்கு ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. 1938-ஆம் ஆண்டு டிசம்பரில், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், பல தேசங்களிலிருந்தும் ஏறக்குறைய 470 பேர் கூடிய சர்வதேச மிஷனெரி மாநாடு நடந்தது. ஹாலந்து தேசத்து ஹென்றிக் கிரேமர், கிறிஸ்துவில் வெளிப்பட்ட தேவனுடைய வார்த்தை தனித்தது, மற்ற மதங்களின் தொடர்ச்சியாக அதனைக் கருதலாகாது என்று வாதித்தார். அக்கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் போதித்துத் தலைமையும் தாங்கிய ஏ. ஜி. ஹாக், கிறிஸ்தவரல்லாதாரிடத்தும் உண்மையான விசுவாசமும் தேவனோடு உறவும் உண்டென மறுத்துரைத்தார். அதே ஆண்டிற் சென்னையில் நீதிபதி பா. செஞ்சையாவும், வழக்கறிஞர் வெ. சக்கரையும், அவர்தம் நண்பர்களும் இந்தியாவிற் கிறிஸ்தவத்தை மறுபடியும் சிந்திக்கவேண்டுமென ஒரு நூல் வெளியிட்டனர். யாம் மாணவராயிருந்தபோது இவர்களைப் படித்தே மனம் விரிந்தோம். ஆனால், விரிந்த மனம் என்று நாம் சொல்லிக்கொள்வதிலும் ஒரு கர்வம் ஒளிந்துகொள்ளும் என்பதை அந்நூல்கள் எமக்குச் சொல்லவில்லை; அல்லது யாம் கேட்கவில்லை.

உறுதியும் விரிவும் ஒருவரிடத்தே கூடியிருக்கலாம் என்பதற்கு எமது மாவட்டத்திலேயே ஒரு சான்றுண்டு. ஸ்காத்லாந்து சபை மிஷனெரியாகிய லெஸ்லி நியூபிகின், 1939-க்குப் பின் சில ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தார். வாரந்தோறும் இராமகிருஷ்ண மடத்தில் தரையில் அமர்ந்து, அங்குள்ளாருடன் உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறிப் படித்தார். எனினும் கிறிஸ்துவே ஒரே மீட்பர் என்னும் தம் விசுவாசத்தில் அணுவளவும் தளர்ந்தவரல்லர். பிற்காலத்தில் எல்லா மதமும் ஒன்றே என்பாரை அவர் எதிர்த்தும் எழுதினார். 1947-இல் மதுரை இராமநாதபுரத்துக்கு அத்தியட்சரான அவர், 1953-இல் வெளியிட்ட நூலொன்றில் திருச்சபையை மூன்று வழிகளில் நோக்கினார். வசனத்தைக் கேட்டு விசுவசிப்போர் கூட்டம் என்பது ஒன்று. திருவருட்சாதனங்களால் தொடர்ந்து வரும் குடும்பம் என்பது ஒன்று. பரிசுத்த ஆவியின் வல்லமை தங்கும் இடம் என்பது மற்றொன்று. மூன்றாவதாகிய பெந்தெகொஸ்தே வழியைப் பெரிய சபையார் பலர் பொருட்படுத்தாத நாளில், அதனையும் சமமாக வைத்து அவர் எழுதினார். அதனைப் படித்தபோது பண்டிகை நாளில் யாம் சொன்ன பரிகாசம் நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடிவைத்தோம்.

இப்பிணக்கு முன்னைக் காலத்தோடு ஒழிந்ததன்று. தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கம், மெதடிசம், சீர்திருத்த மரபு ஆகிய மூன்று உலகக் குடும்பங்களுக்கும் உறவு. ஆதலால் எந்த வீட்டில் சண்டை நடந்தாலும் அதன் சத்தம் நமக்குக் கேட்கின்றது. ஒருபால் சேர்க்கையாளரின் திருமணம், குருத்துவம் ஆகியவற்றை முன்னிட்டு ஆங்கிலிக்கருள் மரபு பேணுவோர் 2008-இல் எருசலேமிற் கூடித் தனி இயக்கங் கண்டனர். அமெரிக்காவில் ஐக்கிய மெதடிஸ்த சபையின் கோயில்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு 2019-க்கும் 2023-க்கும் இடையே பிரிந்து போயிற்று. அச்செய்திகள் இன்று கைபேசி வழியே எமது ஏரிக்கரைக்கும் வந்துவிடுகின்றன. யாரோ எங்கோ பிரிந்ததற்கு இங்கே இரண்டு பேர் பேசாமலிருக்கின்றனர். இணக்கமும் வளர்ந்தே வருகின்றது. ஒருவர் கோயிலில் மற்றவர் நுழைவதும் பாவமென்றிருந்த நிலை, 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின் மாறலாயிற்று. "சேசுநாதர்" என்ற கத்தோலிக்கரும் "இயேசு" என்ற மற்றவரும் இன்று ஒரே மொழிபெயர்ப்பில் ஒரே பெயரைப் படிக்கலாம். தென்னிந்தியத் திருச்சபையில் 1976-இல் பெண்கள் குருத்துவம் பெறத் தொடங்கினர். 2013-இல் புஷ்ப லலிதா அம்மையார் அதன் முதற் பெண் பேராயரானார். அவர் அமர்ந்த பீடம் எது? 1947-இல் விலகி நின்ற அதே நந்தியால்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருக்கையில் எம் அன்னையார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் காலும் ஓய்ந்தன. பேச்சுச் சற்றே குழறிற்று. செய்தி கேட்டவுடன் தம்பியும் மனைவியும் வந்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவன் எமது வாசற்படி ஏறியபோது, யாம் ஆயத்தஞ் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "உள்ளே வா, சின்னவனே," என்று படுக்கையிலிருந்து அன்னையாரே அழைத்தார்.

சில நாட்கள் சென்றபின் அன்னையார் தம் விருப்பத்தைச் சொன்னார். இரண்டு பிள்ளைகளோடும் ஒரு முறை திருவிருந்து எடுக்க வேண்டும்; அவ்வளவே. யாம் தம்பியைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று கூறினோம். அவன் வெகுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு, "அண்ணா, என்னை மன்னிக்க வேண்டும். அந்த அப்பத்தைக் கையில் வாங்க என் மனச்சாட்சி இடங்கொடாது. அம்மாவின் காலண்டை உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு மேல் என்னைக் கேளாதீர்கள்," என்றான். சாகக் கிடக்கும் தாயின் ஆசையைவிட உன் கொள்கை பெரிதோ என்று கேட்க நா எழுந்தது. அப்போதே அந்த உறுதிமொழி நினைவில் வந்து நின்றது. மனச்சாட்சி ஒப்பாததை எவர்மீதும் சுமத்துவதில்லை என்று முப்பது ஆண்டு வாழக் கற்ற சபையின் பிள்ளைகள் நாம் என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கின்றோம்! வீட்டுத் தோட்டத்தில் அதனைச் செய்துகாட்டுதல் அத்துணை எளிதாயில்லை. "சரி, உட்கார்," என்றோம். அவ்விரண்டு சொற்களுக்கு எமக்கு அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

திருவிருந்து கொடுக்க வந்த எமது சேகரத்து ஆயர் ஒரு பெண்மணி. பெண் குருமார் கூடாதென்று அன்னையார் வாதித்ததை அவரும் கேட்டிருந்தார், ஆதலால், "வேறொருவரை வரச் சொல்லட்டுமா, அம்மா?" என்று மெல்ல வினவினார். அன்னையார் இடக்கையை அசைத்து மறுத்து, "எனக்குச் சோறூட்டுகிறதும் பெண்பிள்ளைதானே. நீயே கொடு," என்றார். அவர் குறிப்பிட்டது தம் இளைய மருமகளை. வந்த நாள் முதல் தலை வாரி, உடல் துடைத்து, படுக்கை மாற்றி, கஞ்சி ஊட்டி வந்தவள் அவளே. அன்னையார் அவளுடைய வெறுங் கழுத்தைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லக் கேட்டதில்லை. யாமும் எம் மனைவியும் அப்பம் எடுத்தோம். தம்பியும் அவளும் கட்டிலின் காலண்டை முழந்தாளிட்டு, எடாமல் இருந்தனர். முடிந்தபின் அவன் தன் வழக்கப்படி உரத்து ஜெபித்தான். இடையே எமக்கு விளங்காத சொற்களும் வந்தன. யாம் சிரிக்கவில்லை. அன்னையாரின் இடக்கை அவன் தலைமேல் இருந்தது.

நாற்பதாம் நாள் அவர் காலமானார். அடக்க ஆராதனை கோயிலில் நடந்தபோது, தம்பியின் போதகர் உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் வெயிலில் நின்றிருந்தார். வருந்தினோம், வற்புறுத்தவில்லை. கல்லறையில், குழியில் மண் இடுமுன், தம்பி தானாகவே ஒரு கீர்த்தனையைத் தொடங்கினான். அன்னையார் விடியற்காலையில் பாடிவந்த வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை அது. வேலிக்கு அப்பால் நின்ற போதகர் முதல், வேதம் மாறிற்றென்று ஒருநாள் வெளியேறிய மூப்பர் வரை, பாடாதவர் ஒருவருமில்லை. எல்லாச் சபையாருக்கும் அது மனப்பாடமாயிருந்தது.

அச்சாஸ்திரியாரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தஞ்சையில் 1820-களில் புதிதாய் வந்த மிஷனெரிமார் பழைய வழக்கங்களை மாற்ற முற்பட்டபோது, தமிழ்ப் பாட்டையும் தமிழ்ப் பழக்கத்தையும் காத்துப் போராடியவர் அவர். அதே வேகத்தில் கோயிலுக்குள் சாதி வேற்றுமையையும் காத்து வாதாடினார். 1833-இல் டேனியல் உவில்சன் அத்தியட்சர் சபைகளில் சாதி அறவே ஒழியவேண்டுமென உத்தரவிட்டார். அவ்வாதத்தில் உவில்சன் பக்கமே நியாயம், சாஸ்திரியார் பக்கமன்று. அவ்வேற்றுமையால் மிகுதியும் துன்புற்றவர்களின் சந்ததியாரே எமது சீமையின் கிறிஸ்தவரிற் பலர். பழமை என்பதனாலேயே ஒன்று பரிசுத்தமாகிவிடாது. மனிதனைத் தாழ்த்தும் பழமையைப் பேணுவது எந்த உறுதிமொழிக்குள்ளும் அடங்காது. ஆயினும், அவருடைய சாதிவாதத்தைத் தள்ளிய நாமே அவருடைய கீர்த்தனைகளைத் தள்ளாமல் இருநூறு ஆண்டுகளாகப் பாடி வருகின்றோம். அவ்வாறு ஒருவரிடம் தள்ளவேண்டியதைத் தள்ளியும், கொள்ளவேண்டியதைக் கொண்டும் வாழ நாம் முன்னரே அறிந்திருக்கின்றோம். உயிரோடிருப்பவரிடத்தும் அதனைச் செய்தல் வேண்டும் என்பதே குறை.

இவ்வளவும் எழுதிய பின், எல்லாம் இனிது முடிந்ததென்று வாசகர் எண்ணலாகாது. தம்பி இன்றும் எமது கோயிலில் திருவிருந்து எடான். பொங்கல் ஆராதனையில் யாம் விளக்கேற்றும் ஞாயிறன்று எமது வீட்டுப் பக்கமும் வாரான், திங்கட்கிழமை வருவான். யாம் அவன் கொள்கையை ஏற்கவில்லை. அவன் எம் கொள்கையை ஏற்கவில்லை. அன்னையாரின் பழைய வேதப் புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, அதனைத் தனக்குத் தரும்படி கேட்டான், கொடுத்தோம். ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதிய குறிப்புக்களைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லுகின்றான்.

மாணவ நண்பர்களே, கல்லூரியில் உங்கள் கருத்து விரியும், விரியவேண்டியதே. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பழைய சொற்களில் ஜெபிக்கும் தாயும் புதுச் சத்தத்தில் ஜெபிக்கும் தம்பியும் உங்களை எதிர்கொள்வர். அவர்களோடு வாதஞ் செய்யுங்கள். உண்மையென்று கண்டதை விடாதீர்கள். ஆனால், அவர்கள் மனச்சாட்சி நடுங்கும் இடம் எதுவென்று முதலிற் கேட்டறியுங்கள்; அவ்விடத்தில் மிதியாதீர்கள். எமக்கு அதனை அறிவிப்பார் இல்லாமல் நான்கு ஆண்டுகள் வீணாயின. அவற்றுள் எம் அன்னையார் தம் இரண்டு மக்களையும் ஒருங்கே காணாத நாட்கள் எத்தனை என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நோகின்றது.

எம்மூர்ச் சபையார் முன் செய்த விதியையும் பின் செய்த திருத்தத்தையும் ஒரே கோயிற் சுவரில் விட்டுச் சென்றனர். எமது வீட்டிலும் அவ்விரண்டும் இருக்க இடம் உண்டாவதாக. பிரிந்து நிற்போர் யாவரையும் கூட்டிச் சேர்க்க வல்லவர் அதற்கு அருள் புரிவாராக.